நம்ம போன் நம்ம இடத்தை யார் யாருக்குச் சொல்லுது?

(ஜமுனாமரத்தூரில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)



உள்கடன், வங்கி இணைப்பு, சாமை விலை எல்லாம் பேசி முடிச்சாச்சு. எனக்குக் கொடுத்த தலைப்பு "செல்போனும் இருப்பிடமும்". போன் விஷயம்னதும், "அதெல்லாம் பிள்ளைங்க சமாச்சாரம்"னு பின்னாடி வரிசையில யாரோ சொன்னது காதுல விழுந்தது. இல்லைம்மா. இது பெண்கள் சமாச்சாரம். அதுலயும் கடன் வாங்குற, கடன் கட்டுற பெண்கள் சமாச்சாரம். ஏன்னு சொல்றேன்.

புதுசா ஒரு ஆப் இறக்கினதும் திரையில ஒரு பெட்டி வந்து நிக்கும். இந்த போன் இருக்கிற இடத்தைத் தெரிஞ்சுக்க அனுமதிக்கலாமான்னு கேட்கும். அதை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? "சரி"யை அழுத்தினாத்தான் அடுத்த பக்கம் வரும்னு நினைச்சு அழுத்திடறோம். ரூபாய் நோட்டை எண்ணாம வாங்க மாட்டோம். தீர்மானப் புத்தகத்தைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு குழு ஆரம்பிச்ச நாளிலிருந்து சொல்லிக்கிட்டு வர்றோம். அந்தப் பெட்டியும் ஒரு கையெழுத்துதான். அதுல எதுக்குக் கையெழுத்துப் போடறோம்னு தெரிய வேணாமா?

முதல்ல, போனுக்கு நம்ம இடம் எப்படித் தெரியுதுன்னு பார்ப்போம். நம்ம மலையில காவலூர்ல நட்சத்திரம் பார்க்கிற ஆய்வுக்கூடம் இருக்கு. அங்க இருக்கிற பெரிய தொலைநோக்கியை 1986-ல திறந்தாங்க. அதோட கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அது என்ன பண்ணுது? வானத்திலிருந்து வர்ற வெளிச்சத்தை வாங்கிக்குது, அவ்வளவுதான். இங்க இருந்து பார்க்கிறாங்கங்கிறது நட்சத்திரத்துக்குத் தெரியாது. நம்ம போன்ல இருக்கிற ஜி.பி.எஸ்.சும் அதே மாதிரிதான். பூமிக்கு மேலே 20,000 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்துல சுத்துற செயற்கைக்கோள்கள் ஓயாம நேரத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கு. போன் அதைக் காது கொடுத்துக் கேட்குது. குறைஞ்சது நாலு செயற்கைக்கோளோட சத்தம் கேட்டா போதும், எது எவ்வளவு தாமதமா வந்து சேருதுன்னு கணக்குப் போட்டு, "நான் இன்ன இடத்துல இருக்கேன்"னு போனே கண்டுபிடிச்சிடும். செயற்கைக்கோளுக்கு ஜமுனாமரத்தூர்னு ஒரு ஊர் இருக்கிறதே தெரியாது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, "மேலே இருந்து எல்லாத்தையும் பார்க்கிறாங்க, நம்மால என்ன பண்ண முடியும்"னு நிறையப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. மேலே இருந்து யாரும் பார்க்கலை. நம்ம இடம் வெளியே போறது நம்ம போன்ல இருக்கிற ஆப் வழியாத்தான். அந்த வாசலுக்குச் சாவி நம்ம விரல்லயே இருக்கு.

ஒரு வாசல் மட்டும் நம்ம கையில இல்லை. அது டவர். போன் உயிரோட இருக்கிற வரைக்கும் எந்த டவர்ல பேசுதுன்னு கம்பெனிக்குத் தெரியும். லொகேஷனை அணைச்சாலும் தெரியும். டவர் தெரியாம கால் வராதே. டவுன்ல தெருவுக்குத் தெரு டவர் இருக்கிறதால ஆள் இருக்கிற இடம் கிட்டத்தட்டத் தெரிஞ்சிடும். நம்ம மலையில ஒரு டவர் பல ஊருக்குச் சேர்த்து இருக்கும், அதனால குத்துமதிப்பாத்தான் தெரியும். சிக்னலே இல்லாத ஊர்க்காரங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. (சிரிப்பு)

சரி, இடம் தெரிஞ்சா என்ன போச்சு, ஒளிக்க நம்மகிட்ட என்ன இருக்குன்னு கேட்கலாம். தேன் எடுக்கப் போறவங்ககிட்ட, கூடு எந்த மரத்துல இருக்குன்னு கேட்டுப் பாருங்க. சிரிச்சுட்டுப் பேச்சை மாத்திடுவாங்க. அது திருட்டா? இல்லை. இடம்ங்கிறது அவங்க பிழைப்பு. நம்ம விஷயமும் அப்படித்தான். ஒரு வாரம் ஒரு பொம்பளை போற இடத்தையெல்லாம் புள்ளி வெச்சா, ராத்திரி நிக்கிற புள்ளி அவ வீடு. பகல்ல நிக்கிற புள்ளி அவ வேலை செய்யற இடம். செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துல ரெண்டு மணி நேரம் நின்னா, உடம்புக்கு ஏதோ இருக்கு. பத்து நாள் அம்மா வீட்டுல நின்னா, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ இருக்கு. வாயைத் திறக்காமலே கதையெல்லாம் வெளியே வந்துடும். 2018-ல உலகம் முழுக்க பேசின ஒரு சம்பவம் இருக்கு. ஸ்ட்ராவான்னு ஒரு உடற்பயிற்சி ஆப். அதைப் போட்டுக்கிட்டு ஓடறவங்க பாதையையெல்லாம் ஒரே வரைபடமாச் சேர்த்து அந்தக் கம்பெனி வெளியிட்டுச்சு. யாரோட பேரும் அதுல இல்லை. ஆனா ஆள் இல்லாத பாலைவனத்து நடுவுல சில இடம் மட்டும் வெளிச்சமாத் தெரிஞ்சுது. பார்த்தா அதெல்லாம் ராணுவ முகாம். சிப்பாய்கள் காலையில ஓடின ஓட்டம் முகாமைக் காட்டிக் கொடுத்துடுச்சு. ராணுவத்துக்கே அந்தக் கதின்னா நம்ம கதியை யோசிங்க.

நம்ம விஷயத்தைப் பத்திரமா வெச்சுக்கிறது ஒரு உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. அதைவிட எனக்குப் பிடிச்சது 2024 ஜூலை 8-ம் தேதி வந்த தீர்ப்பு. போதைப்பொருள் வழக்குல மாட்டின ஒரு வெளிநாட்டுக்காரருக்கு ஜாமீன் கொடுக்கும்போது, "கூகுள் மேப்ல உன் இடத்தைக் குறிச்சு அதிகாரிக்குத் தெரியற மாதிரி வை"ன்னு ஒரு நிபந்தனை போட்டிருந்தாங்க. நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் அது கூடாதுன்னு தள்ளிட்டாங்க. ஜாமீன்ல வந்தவரோட அந்தரங்க வாழ்க்கையை போலீஸ் எந்நேரமும் எட்டிப் பார்க்கிற மாதிரி நிபந்தனை போட முடியாதுன்னு சொன்னாங்க. போதைப்பொருள் வழக்குல இருக்கிறவருக்கே அந்த உரிமை இருக்கு. அவசரத்துக்கு ஐயாயிரம் கடன் வாங்கின நமக்கு இருக்காதா?

இப்போ கடன் ஆப்புக்கு வர்றேன். இதைத்தான் முக்கியமாச் சொல்ல வந்தேன்.

அஞ்சு நிமிஷத்துல கடன், ஜாமீன் வேணாம், கையெழுத்து வேணாம்னு போன்ல விளம்பரம் வருது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், நாளைக்குக் கடைசி நாள், குழுக் கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அந்த நேரத்துல விரல் தானாப் போகும். நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா அந்த ஆப் என்னென்ன கேட்குதுன்னு பாருங்க. போன்ல இருக்கிற எல்லா நம்பரும் வேணும், படமெல்லாம் வேணும், இருக்கிற இடம் வேணும்னு கேட்கும். ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு அண்ணன் நம்பர், சம்பந்தி நம்பர், பிள்ளையோட வாத்தியார் நம்பர், வீட்டுக்கு வழி எல்லாத்தையும் அடமானம் வெச்ச மாதிரி. தவணை ஒரு நாள் தள்ளினா முதல்ல சொந்தக்காரங்களுக்குப் போன் போகும். அப்புறம் படத்தை அசிங்கமா மாத்தி அனுப்புவோம்னு மிரட்டல் வரும். "உன் வீடு எங்க இருக்குன்னு தெரியும், ஆள் அனுப்புறோம்"னு சொல்லும்போதுதான் அன்னிக்கு அழுத்தின "சரி"யோட அர்த்தம் புரியும். மேலே வர ரோடே இல்லாத ஊருக்கு எந்த ஆளும் வரப் போறதில்லை. ஆனா ராத்திரியில அந்த மெசேஜைப் படிக்கிறவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தோணாது.

ரிசர்வ் வங்கியோட பணிக்குழு 2021-ல ஒரு கணக்கு எடுத்தது. இந்தியாவுல புழங்கின கடன் ஆப் சுமார் 1,100. அதுல 600 சட்டத்துக்குப் புறம்பானது. பாதிக்கு மேல! அதுக்கப்புறம் 2022 செப்டம்பர் 2-ம் தேதி ரிசர்வ் வங்கி விதி போட்டது. அந்த விதியை நீங்க மனசுல வெச்சுக்கணும். கடன் ஆப் உங்க நம்பர் பட்டியலை, படங்களை, யார் யாரோட பேசினீங்கங்கிற விவரத்தைத் தொடவே கூடாது. கேமரா, மைக், லொகேஷன் இதையெல்லாம் ஆள் யாருன்னு சரிபார்க்கிறதுக்காக மட்டும், ஒரே ஒரு முறை, உங்க சம்மதத்தோட எடுத்துக்கலாம். ஒரே ஒரு முறை. தினமும் பின்னாடி வர்றதுக்கு அனுமதி கிடையாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2025-ல விதியைப் புதுசாத் தொகுத்தப்பவும் இதை அப்படியே வெச்சிருக்காங்க. கூகுளும் 2023 மே 31 முதல், தன்னோட பிளே ஸ்டோர்ல இருக்கிற தனிநபர் கடன் ஆப் எதுவும் நம்பர் பட்டியல், படங்கள், துல்லியமான இருப்பிடம் இதைக் கேட்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு.

அப்போ அடையாளம் சுலபம். நம்பர் பட்டியலைக் கேட்கிற கடன் ஆப் திருட்டு ஆப். அதை உள்ளே விடாதீங்க. பிளே ஸ்டோர்ல இல்லாம, வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பி "இதைத் தொட்டு இறக்கிக்கோங்க"ன்னு சொன்னா இன்னும் மோசம். பிளே ஸ்டோர்ல இருக்கிறதாலேயே நல்ல ஆப்னும் நினைச்சுடாதீங்க. எந்த வங்கியோ நிதி நிறுவனமோ அந்த ஆப் பின்னாடி இருக்குன்னு பார்க்கணும். 2025 ஜூலையிலிருந்து அந்தப் பட்டியலை ரிசர்வ் வங்கி தன்னோட இணையதளத்துல போட்டிருக்கு. வட்டாரத்துல கணக்கு எழுதற பொண்ணுகிட்ட கேட்டாப் பார்த்துச் சொல்லிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்க பயந்து போய் உடனே ஆப்பை அழிச்சிடாதீங்க. முதல்ல மிரட்டல் மெசேஜ், போன் வந்த நம்பர், பணம் கட்டின ரசீது எல்லாத்தையும் திரைப்படம் எடுத்து வைங்க. திரைப்படம்னா ஸ்கிரீன்ஷாட். சினிமா இல்லை. (சிரிப்பு) அப்புறம் அனுமதியையெல்லாம் பறிச்சுட்டு ஆப்பை நீக்குங்க. நீக்கினாலும் ஏற்கெனவே கொண்டு போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அதனாலதான் புகார் அவசியம். 1930-க்குப் போன் பண்ணலாம், போலீஸ் ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம். கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்திருக்கு. போன் வழியா கடன் தர்றவங்களும் அதுல அடக்கம். கடன் வாங்கினவங்களை மிரட்டுறதும், விடாமப் பின்னாடியே சுத்துறதும் குற்றம். கடன் வாங்கினது நம்ம பொறுப்பு, அதைக் கட்டணும். அவமானப்படுத்துறதுக்கு யாருக்கும் உரிமை கிடையாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

எல்லா லொகேஷனும் ஒரே மாதிரி இல்லை. நூறு நாள் வேலையில 2021-ல ஒரு ஆப் கொண்டு வந்தாங்க, 2023 ஜனவரி 1 முதல் அதைக் கட்டாயம் ஆக்கினாங்க. வேலை நடக்கிற இடத்துல நாளைக்கு ரெண்டு தடவை எல்லாரையும் நிக்க வெச்சு, இடமும் நேரமும் பதிவாகிற மாதிரி படம் எடுக்கணும். 2025 டிசம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா வேற சட்டம் நிறைவேறியிருக்கு, அதுலயும் இந்த மாதிரிக் கண்காணிப்பு உண்டு. அந்தப் படத்துல பதிவாகிறது ஏரிக்கரையோ வரப்போ இருக்கிற இடம். எடுக்கிறது பணித்தளப் பொறுப்பாளரோட போன். வேலை முடிஞ்சு நாம வீட்டுக்குப் போற வழி அதுல வராது. அதனால அந்தரங்கம்ங்கிற கணக்குல அது பெரிய ஆபத்து இல்லைங்கிறது என் அபிப்பிராயம். என் சண்டை வேற. சிக்னல் கிடைக்காம படம் ஏறலைன்னா, மண் வெட்டினவ வெட்டலைன்னு ஆயிடக் கூடாது. ஆள் சொல்றதை நம்பாம போன் சொல்றதை மட்டும் நம்புற பழக்கம் வந்துடுச்சு. அதைத் தனியா ஒரு நாள் பேசணும்.

ஆக, லொகேஷன் கேட்டா மூணு கேள்வி கேளுங்க. யார் கேட்கிறாங்க? எதுக்கு? எதுவரைக்கும்? பஸ் டிக்கெட் ஆப் இடம் கேட்டா காரணம் புரியுது. டார்ச் லைட் ஆப் இடம் கேட்டா? விளக்குப் போட நான் எங்க இருக்கேன்னு அதுக்கு எதுக்குத் தெரியணும்?

இப்போ வீட்டுக்குள்ள வர்றேன். இதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்றேன், வெளியே ஆம்பளைங்க நிக்கிறாங்க. (சிரிப்பு) நம்ம கையில இருக்கிற போனை நாம வாங்கியிருப்போம், நம்ம சேமிப்புலயே வாங்கியிருப்போம். ஆனா கடையில வாங்கினப்போ அதுல ஜிமெயில் போட்டது யாரு? புருஷனோ, மகனோ, கடைக்காரப் பையனோ. அந்த ஜிமெயிலும் அதோட பாஸ்வேர்டும் யார்கிட்ட இருக்கோ, அவங்க வேற போன்ல உட்கார்ந்துக்கிட்டே இந்தப் போன் எங்க இருக்குன்னு பார்க்க முடியும். தொலைஞ்ச போனைக் கண்டுபிடிக்கிறதுக்காக வெச்ச வசதி அது. நல்ல வசதிதான். ஆனா தொலையாத பொம்பளையைத் தேடவும் அதே போதும். கூகுள் மேப்ல "இருப்பிடத்தைப் பகிர்"னு ஒண்ணு இருக்கு, அதுல "நிறுத்தும் வரை"ன்னு தேர்ந்தெடுத்து வெச்சுட்டா நாள் கணக்குல போய்க்கிட்டே இருக்கும். வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் அப்படி இல்லை. 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம், அவ்வளவுதான். தானா நின்னுடும். எனக்கு அது நல்ல முறையாப் படுது. கேட்கும்போதே முடியற நேரமும் சேர்ந்து வருது பாருங்க.

வீட்டுல இருக்கிறவங்க இடத்தைத் தெரிஞ்சுக்கிறது எல்லாமே தப்புன்னு சொல்ல வரலை. திருவண்ணாமலையில காலேஜ் படிக்கிற பொண்ணு சாயங்காலம் பஸ் ஏறினா, மலை ஏறி வந்து சேர்ற வரைக்கும் தாய்க்குப் பதைப்பு இருக்கத்தான் செய்யும். அவகிட்டச் சொல்லி, அவளே லைவ் லொகேஷன் ஒரு மணி நேரத்துக்குப் போட்டு விட்டா அது ஒத்தாசை. அவளுக்குத் தெரியாம அவ போன்ல எதையோ ஏத்தி வெச்சு ஹாஸ்டல்ல இருந்து எங்க போறான்னு பார்க்கிறது வேற. நாளைக்கு அவளுக்கு நிஜமாவே ஒரு ஆபத்து வந்தா, போனை வீசிட்டுப் போவாளே தவிர நம்மகிட்டச் சொல்ல மாட்டா.

பொண்டாட்டி எங்க போனா, யாரோட நின்னான்னு போன்ல பார்த்துட்டு அடிக்கிற வீடும் இருக்கு. அப்படி இருக்கிறவங்க திடீர்னு லொகேஷனை அணைக்காதீங்க. அணைச்ச நிமிஷமே அந்தப் பக்கம் தெரிஞ்சிடும், அன்னிக்கு ராத்திரி என்ன நடக்கும்னு சொல்ல முடியாது. முதல்ல வேற ஒருத்தர் போன்ல இருந்து 181-க்குப் பேசுங்க. அது பெண்களுக்கான உதவி எண். எப்போ அணைக்கணும், எங்க தங்கணும்னு யோசிச்சு முடிவு பண்ணிட்டு அப்புறம் அணைக்கலாம். வெளி ஆள் யாராவது, வேண்டாம்னு சொன்ன பிறகும் பின்னாடியே வர்றதோ, உங்க இன்டர்நெட், மெயில் இதையெல்லாம் வேவு பார்க்கிறதோ செஞ்சா, 2024 ஜூலை 1-ல நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 78-வது பிரிவு இருக்கு. முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் சிறை.

லொகேஷன் உயிரைக் காப்பாத்துற நேரமும் உண்டு. இந்த மலையில அதைச் சொல்லாம விட முடியாது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல 20 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. அதுல நம்ம மாவட்டத்துக்காரங்க பலர், நம்ம மலைக்காரங்களும் உண்டு. அதுக்கப்புறம் வெளியூர் வேலைன்னு ஆம்பளைங்க கிளம்பினாலே வீட்டுல இருக்கிறவங்களுக்கு வயித்துல நெருப்புதான். கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ வேலைக்குப் போறவர், போய்ச் சேர்ந்த இடத்தை ஒரு தடவை வாட்ஸ்அப்ல குறிச்சு அனுப்பட்டும். மேஸ்திரி பேரையும் நம்பரையும் அனுப்பட்டும். அதை வீட்டுல எழுதி வைங்க. இது வேவு இல்லை. அவரா அனுப்புறார், எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

பாம்பு கடி, பிரசவ வலின்னு 108-க்குக் கூப்பிடும்போது, "மலை மேல"ன்னு சொன்னா வண்டிக்காரருக்கு எந்தப் பாதைன்னு தெரியாது. ஊர் பேர், பக்கத்துக் கோயில், எந்த ரோட்டுல பிரியணும், இதை முதல்ல சொல்லுங்க. கூகுள் மேப்ல நீங்க நிக்கிற புள்ளியில விரலை வெச்சு அழுத்தினா ரெண்டு எண் வரும். அதுதான் அந்த இடத்தோட விலாசம். இன்டர்நெட் இல்லைன்னாலும் அந்த எண்ணை வாயாலயே படிச்சுச் சொல்லலாம், எஸ்.எம்.எஸ்.லயும் அனுப்பலாம். நம்ம ஏரியா மேப்பை முன்கூட்டியே இறக்கி வெச்சுக்கிட்டா நெட் இல்லாத இடத்துலயும் தெரியும். நான் முன்னாடி சொன்னேன் இல்லையா, போன் செயற்கைக்கோளைக் கேட்கிறதுக்கு டவரே வேண்டாம். வெளியே சொல்றதுக்குத்தான் டவர் வேணும்.

தமிழ்நாடு போலீஸ் 2022-ல "காவல் உதவி"ன்னு ஒரு ஆப் கொண்டு வந்தாங்க. ஆபத்துல சிவப்புப் பட்டனை அழுத்தினா இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இந்த மாதிரி ஆப்புக்கு லொகேஷன் கொடுங்க, தயங்காதீங்க.

இப்போ போனை எல்லாரும் கையில எடுங்க. அமைப்புகள், அதுதான் செட்டிங்ஸ், அதுக்குள்ள போய் "இருப்பிடம்"ங்கிறதைத் தொடுங்க. உள்ளே ஆப்களோட அனுமதின்னு ஒரு பட்டியல் இருக்கும். எந்த ஆப்புக்கு எல்லா நேரமும் அனுமதி, எதுக்குப் பயன்படுத்தும்போது மட்டும், எதுக்கு அனுமதி இல்லைன்னு பிரிச்சுக் காட்டும். "எல்லா நேரமும்"ங்கிறதுக்குக் கீழ என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க. அங்க இருக்கிறதுல பெரும்பாலானதைக் கீழ இறக்கிடலாம். 2019-க்கு அப்புறம் வந்த ஆண்ட்ராய்டு போன்ல "பயன்படுத்தும்போது மட்டும்" இருக்கும், அதுக்கு அடுத்த வருஷம் "இந்த முறை மட்டும்" வந்தது, 2021-ல துல்லியமா வேணாம், குத்துமதிப்பா போதும்னு சொல்றதுக்கும் வழி வந்தது. மழை வருமான்னு பார்க்கிற ஆப்புக்குக் குத்துமதிப்பே போதும். மழை என்ன உங்க வீட்டு மேல மட்டுமா பெய்யப் போகுது?

ஒரே பட்டனை அணைச்சுட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னும் நம்பிடாதீங்க. கூகுளே ஒரு பட்டனை அணைச்ச பிறகும் வேற ஒரு பட்டன் வழியா இடத்தைப் பதிவு பண்ணிக்கிட்டு இருந்தது 2018-ல வெளியே வந்தது. அமெரிக்காவுல 40 மாநிலங்கள் சேர்ந்து கேட்டதுல, 2022 நவம்பர்ல 391.5 மில்லியன் டாலர் கட்டி சமரசம் பண்ணிக்கிட்டாங்க. நம்ம நாட்டுலயும் 2023-ல தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2025 நவம்பர்ல விதிகளும் வந்திருக்கு. கம்பெனிகளுக்கான முக்கியமான கடமையெல்லாம் விதி வந்து பதினெட்டு மாசம் கழிச்சுத்தான் நடைமுறைக்கு வரும். அதுவரைக்கும் மாசம் ஒரு தடவை, சேமிப்புப் பணம் கட்டற அன்னிக்கு, அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்த்துடுங்க.

கடைசியா நம்ம வீட்டுக் குப்பை. அடுத்தவங்களைச் சொன்னது போதும். கடன் கொடுத்ததுக்கு ஆதாரம், ஆடு வாங்கினதுக்கு ஆதாரம், வீட்டுல கழிவறை கட்டினதுக்கு ஆதாரம்னு நாமளும் படம் கேட்கிறோம். அதுவும் இடத்தோட பேர், எண், தேதி எல்லாம் படத்து மேலேயே அச்சாகிற கேமரா ஆப்ல எடுக்கச் சொல்றோம். அந்தப் படம் எங்க வருது? இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல. அதுல இருக்கிறவங்க எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்களா? போனை மாத்தினவங்க, நம்பரை விட்டுட்டுப் போனவங்க, யாரோ வீட்டுப் பையன் எல்லாரும் இருக்காங்க. தோட்டத்துல தனி வீட்டுல இருக்கிற ஒரு அக்கா, புருஷன் இல்லாதவங்க. அவங்க முகம், வீட்டு வாசல், வாங்கின கடன் தொகை, வீட்டுக்கு வழி காட்டுற எண், எல்லாம் ஒரே படத்துல. கடன் ஆப்பைத் திட்டுறோமே, அதுகிட்ட இருக்கிற விவரத்தை நாம இலவசமாவே ஊருக்கு விநியோகம் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

ஒரு சின்ன விஷயம் தெரிஞ்சுக்கோங்க. சாதாரணக் கேமராவுல எடுத்த படத்துக்குள்ளயும் இடம் ஒளிஞ்சு இருக்கலாம். அதை வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா அந்த உள்பதிவு கழண்டுடும், டாக்குமெண்ட்டா அனுப்பினா கூடவே போகும். ஆனா படத்து மேலேயே அச்சான எழுத்து எப்படி அனுப்பினாலும் போகும். அழிக்க முடியாது.

"படம் இல்லாம தணிக்கைக்கு என்ன காட்டறது"ன்னு கணக்காளர் கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. படம் வேணாம்னு நான் சொல்லலை. படம் போற வழியை மாத்துவோம்னு சொல்றேன். அதுக்குத்தான் ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டு வந்திருக்கேன், படிக்கிறேன்:

"உறுப்பினரின் வீடு அல்லது முகம், இருப்பிட விவரத்துடன் பதிவான எந்தப் படத்தையும் பொது வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. படம் எடுக்கும் முன், எதற்காக, யாருக்கு அனுப்பப்படும் என்று உறுப்பினரிடம் சொல்லி, அவர் சம்மதம் பெற வேண்டும். படத்தை அதைக் கேட்ட அலுவலருக்கும் கூட்டமைப்பின் கணக்காளருக்கும் மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். கணக்காளர் அதை அலுவலகக் கணினியில் வைத்துக்கொண்டு, எடுத்தவரின் போனிலிருந்து அழிக்கச் செய்ய வேண்டும். தணிக்கை முடிந்ததும் கணினியிலிருந்தும் அழிக்க வேண்டும். ஏற்கெனவே குழுவில் உள்ள படங்களை அதை அனுப்பியவர்களும் குழுவின் நிர்வாகியும் இம்மாத இறுதிக்குள் நீக்க வேண்டும்."

இதுல ஒரு சிக்கலை நானே சொல்லிடறேன். குரூப்ல நீக்கினாலும் அவங்கவங்க போன்ல ஏற்கெனவே இறங்கின படம் அப்படியே இருக்கலாம். அதனால ஒவ்வொரு ஊக்குநரும் அவங்க குழுக் கூட்டத்துல உறுப்பினர்கள் போனை எடுக்கச் சொல்லி, கூட உட்கார்ந்து அழிக்க வைக்கணும். ஒரு கூட்டத்துல அரை மணி நேரம் ஆகும். தீர்மானத்துல வார்த்தை மாத்தணும்னா இப்பவே கையைத் தூக்குங்க, எழுதினதுக்கப்புறம் வெளியே போய்ப் பேச வேணாம். ஒத்துக்கிறவங்க படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. புத்தகம் செயலாளர் அக்காகிட்ட இருக்கு.